வீடு முழுவதும் சுமக்கும் தொண்டு



பிறவியிலேயே மூளைவாதத்தால் படுக்கையில் கிடக்கும் பிள்ளையை வளர்ப்பது தாய் ஒருத்தியோடு முடிகின்ற காரியமன்று. ஒருவேளை உணவு ஊட்டவே ஒரு மணித்தியாலம் வரை செல்லும். படுக்கைப் புண் வராதிருக்க இரவிலும் புரட்டிவிட வேண்டும். தாய்க்கு நித்திரையில்லை. கிளினிக் நாளில் தகப்பனுக்குக் கூலியில்லை. தமக்கை ரியூசனை விடுகிறாள்; அவளுடைய கலியாணப் பேச்சும் தடைப்படுகிறது. “எங்களுக்குப் பிறகு ஆர் பார்ப்பினம்?” என்ற ஏக்கம் எல்லோரையும் அரிக்கிறது.

இவற்றிலும் கொடியது “முன்வினை” என்ற ஊர்ச்சொல். அதற்கு அஞ்சியே அக்குடும்பங்கள் கோயிலுக்கும் வராது ஒதுங்குகின்றன. பிறவியிலேயே பார்வையற்ற தண்டியடிகளை நாயன்மாராக வைத்துப் பூசிப்பது எம் சைவம். கட்டிய கயிற்றைத் தடவிச் சென்றே அவர் திருவாரூர்க் குளத்தைத் தோண்டினார். கண் பெறுமுன்னரே அவர் அடியார்.

அவருக்குக் கயிறு துணையானது போல இக்குடும்பங்களுக்கு நாம் துணையாவோம். திருவிழாவில் ஒரு மாலையாவது அப்பிள்ளையின் அருகிலிருங்கள். தாயும் தமக்கையும் பூசை காணட்டும். பிள்ளையையும் அழைத்து வந்தால் உற்றுப் பாராது வழிவிடுங்கள். கிராம அலுவலரிடம் உதவிக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்க, எழுதத் தெரிந்தோர் கைகொடுங்கள். அதுவும் சிவதொண்டே.

எம்பெருமான் திருவருள் யாவர்க்கும் கிட்டுவதாக.