கோட்டில் சேர்த்த நடுக்கம்

சில வருடங்களுக்கு முன் புதுச்சேரியில் ஒரு கல்லூரி ஆசிரியருக்குச் சின்ன மென்பொருள் ஒன்று எழுதிக் கொடுத்தேன். திரையில் ஒரு தவளைத் தசை. எடையைத் தொங்கவிட்டு மின்தூண்டல் கொடுத்தால் சுருங்கும். கோடு எழுந்து இறங்கும். விலங்கியல் வகுப்புகளில் அறுவையைக் கைவிடச் சொல்லி 2014-இல் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்த பிறகு, இதற்கெல்லாம் ஒரு தேவை வந்திருந்தது. தவளைகள் பிழைக்கும், நல்ல காரியம்தானே என்று சந்தோஷமாகத்தான் செய்தேன்.

ஆசிரியர் பார்த்துவிட்டு, "ரொம்ப சுத்தமா இருக்கே தம்பி, நெசத் தவளை இப்படி வரையாது" என்றார். ரேண்டம் எண்களை வைத்துக் கோட்டில் கொஞ்சம் நடுக்கம் சேர்த்தேன். "இப்ப சரி" என்றார். எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த நடுக்கம் எந்தத் தவளையுடையதும் அல்ல.

நான் எழுதிய சமன்பாடு ஏ.வி.ஹில்லுடையது. சுமை கூடக் கூடத் தசை சுருங்கும் வேகம் எப்படிக் குறைகிறது என்பதையும், அப்போது வெளிப்படும் வெப்பத்தையும் 1938-இல் தவளைத் தசைகளில் அளந்து எழுதினார். ஏன் அப்படி என்பதற்கு 1957-இல் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி ஒரு கணித மாதிரி தந்தார். வீராம்பட்டினத்தில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு அது உடனே புரியும். கயிற்றைப் பிடித்துப் பின்னால் நடக்கிறவர், கடைசிக்குப் போனதும் விட்டுவிட்டு முன்னால் வந்து மறுபடி பிடிக்கிறார். தசைக்குள் மயோசின் புரதத்தின் தலைகளும் அப்படித்தான் ஆக்டின் இழையைப் பிடித்து, இழுத்து, விடுகின்றன. (கரைவலையில் பாட்டு உண்டு, இங்கே இல்லை.) பிடிக்கும் வீதம், விடும் வீதம் இரண்டையும் பொருத்தமாக எடுத்துக்கொண்டால் ஹில்லின் கோடு ஏறக்குறைய அப்படியே வந்துவிடுகிறது.

இங்கேதான் எனக்கு உதைக்கிறது. 1964-இல் ஹில் மறுபடி அளந்து, வெப்பம் பற்றிய தன் பழைய முடிவு சரியில்லை, அது சுமையைப் பொறுத்து மாறுகிறது என்று தானே எழுதினார். அப்போது அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அதாவது ஹக்ஸ்லியின் மாதிரி ஒரு தவறான அளவோடு அழகாகப் பொருந்தியிருந்தது! 1973-இல் அவர் அதைத் திருத்தினார்: தலை இழையைப் பிடிப்பது இரண்டு கட்டமாக நடக்கலாம், முதல் கட்டத்திலேயே எரிபொருள் செலவில்லாமல் விட்டுவிடவும் செய்யலாம் என்று.

1957-இன் மாதிரியை எத்தனை கோடி தடவை ஓட்டினாலும் 1964-இன் விடை வந்திருக்காது. அதைச் சொன்னது ஒரு தசைதான், அதற்காக ஓர் உயிர் போயிருக்கிறது. ஆனால் வகுப்பறைத் தவளைகளின் கதை வேறு. விடை ஏற்கெனவே பாடப்புத்தகத்தில் இருந்தது. வருடா வருடம் அதையே திரும்பச் சொல்வதற்காக அவை செத்தன. அந்தச் சாவுகளுக்கு என்னால் எந்த நியாயமும் சொல்ல முடியவில்லை. ஹில்லின் தவளைக்குச் சொல்ல முடிகிறதா? முடிகிறது என்றுதான் நினைக்கிறேன். தவளையைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும்.

மென்பொருள் வகுப்புக்குப் போன இரண்டாம் வாரம் ஒரு மாணவி கண்டுபிடித்துவிட்டாள். "சார், எல்லாருக்கும் ஒரே தவளைதான் வருது." ரேண்டம் எண்களின் தொடக்கத்தை நான் மாற்றாமல் விட்டிருந்தேன், எல்லாக் கணினியிலும் ஒரே நடுக்கம். திருத்தினேன். கூடவே திரையின் அடியில் ஒரு வரி சேர்த்தேன்: "இந்த நடுக்கம் அளக்கப்பட்டதல்ல."

பசங்க குழம்பிடுவாங்க, அதை எடுத்துடுங்க என்று ஆசிரியர் இரண்டு முறை சொல்லிவிட்டார். இன்னும் எடுக்கவில்லை.