பந்தயத்துக்கு ஆபத்து தேவையா?

கார்ப் பந்தயத்தில் ஆபத்து என்பது விளையாட்டின் உயிர்நாடியா, அதோடு ஒட்டிக்கொண்டு வந்த பழியா என்ற கேள்வி, ஒவ்வொரு புதிய பாதுகாப்பு விதி அறிவிக்கப்படும்போதும் திரும்ப எழுகிறது. 2018இல் ஃபார்முலா ஒன் கார்களில் ஓட்டுநரின் தலையைக் காக்கும் ஹாலோ என்ற டைட்டானிய வளைவு கட்டாயமானபோது தீவிர ரசிகர்கள் பலர் கொதித்துப்போனார்கள். காரின் அழகு கெட்டது என்பது ஒரு குறை. துணிச்சலுக்கு இனி என்ன மதிப்பு என்பது அதைவிட ஆழமான குறை. 1976இல் நூர்பர்க்ரிங்கில் தீயில் கருகிப் பிழைத்த நிக்கி லௌடாவே ஹாலோவை எதிர்த்தார் என்பதால் இந்த எதிர்ப்பை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

சமயம் இந்தக் கேள்வியை முன்பே எழுப்பியது. 1957 மே 12 அன்று இத்தாலியின் மில்லே மிலியா பந்தயத்தில் அல்ஃபோன்சோ டி போர்ட்டாகோ ஓட்டிய ஃபெராரியின் டயர் வெடித்தது. அவரும் உடன் சென்றவரும் இறந்தார்கள். சாலையோரம் நின்ற ஒன்பது பேரும் மாண்டனர். அவர்களில் ஐவர் குழந்தைகள். மறு ஆண்டு ஃபெராரி ஓட்டுநர் லூயிஜி முஸ்ஸோ ரெய்ம்ஸில் உயிரிழந்தபோது, வத்திக்கான் நாளேடு அந்நிறுவனத்தின் தலைவர் என்சோ ஃபெராரியைத் தன் பிள்ளைகளையே விழுங்கிய சாத்தர்ன் தெய்வத்தோடு ஒப்பிட்டது. உயிர் இறைவன் ஒப்படைத்த பொருள், தக்க காரணமின்றி அதைப் பணயம் வைக்க மனிதனுக்கு உரிமையில்லை என்பது கத்தோலிக்க அறநெறி.

தெரிந்தேதான் ஓட்டுநர் ஏறுகிறார், அவர் உயிர் அவர் பாடு என்பது இதற்குச் சொல்லப்படும் பதில். அதில் பாதி உண்மை உண்டு. மலையேறுபவரையும் கடலோடியையும் யாரும் தடுப்பதில்லை. ஆனால் அந்த ஐந்து குழந்தைகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. ஓட்டுநரின் சம்மதத்துக்கும் எல்லை உண்டு. 1966இல் ஸ்பா பந்தயத் தடத்தில் மழையில் சறுக்கி விழுந்த ஜாக்கி ஸ்டூவர்ட், பெட்ரோலில் ஊறியபடி ஏறத்தாழ 25 நிமிடம் காருக்குள் சிக்கிக் கிடந்தார். பார்வையாளர் ஒருவரின் கருவிகளை வாங்கி ஸ்டியரிங்கைக் கழற்றி மீட்டவர்கள் சக ஓட்டுநர்கள். அவர் வேகத்துக்குச் சம்மதித்திருந்தார். ஒரு ஸ்பானர்கூட இல்லாத ஏற்பாட்டுக்குச் சம்மதிக்கவில்லை. பின்னர் பாதுகாப்புக்காகப் போராடிய அவரைப் பந்தயத்தின் சுவையைக் கெடுப்பவர் என்று தூற்றினார்கள். இது கொடுமை. அந்தச் சுவைக்கு விலை கொடுப்பவர் வேறு, ருசிப்பவர் வேறு.

துணிச்சல் என்றால் என்ன என்பதற்கு 1973 ஜூலை 29 அன்று ஸாண்ட்வோர்ட்டில் நடந்ததே சான்று. 25 வயது ரோஜர் வில்லியம்சனின் கார் தலைகீழாகக் கவிழ்ந்து எரிந்தது. அவர் உள்ளே சிக்கியிருந்தார். பின்னால் வந்த டேவிட் பர்லி தன் காரை நிறுத்திவிட்டு, தடத்தைக் குறுக்கே கடந்து ஓடினார். வெறும் கையால் காரைப் புரட்டப் பார்த்தார், முடியவில்லை. தடப் பணியாளரான மார்ஷலிடமிருந்த தீயணைப்பானைப் பிடுங்கி அடித்துத் தீர்த்தார், தீ அடங்கவில்லை. மார்ஷல்களுக்குத் தீ தாங்கும் உடை இல்லை. எரியும் காரின் ஓட்டுநர் பர்லிதான், அவர் தப்பிவிட்டார் என்று எண்ணி மற்றவர்கள் கடந்து போனார்கள். பந்தயம் நிற்கவேயில்லை. அன்று பர்லி காட்டிய வீரத்துக்கு வேகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஒழுங்கான தீயணைப்பு ஏற்பாடு இருந்திருந்தால் அந்த வீரம் தேவைப்பட்டே இருக்காது.

ஆபத்தை நீக்கினால் பந்தயம் செத்துவிடும் என்ற வாதம் 2020 நவம்பர் 29 அன்று பஹ்ரைனில் சோதனைக்கு உள்ளானது. ரொமேன் குரோஜானின் கார் இரும்புத் தடுப்பைப் பிளந்துகொண்டு நுழைந்து, இரண்டாக முறிந்து தீப்பிடித்தது. 28 நொடிகளுக்குள் அவர் எழுந்து வெளியே வந்தார். ஹாலோவை முன்பு எதிர்த்தவர், அதனால்தான் பிழைத்தேன் என்று மருத்துவமனைப் படுக்கையிலிருந்து சொன்னார். ஒரு வாரம் கழித்து அதே மைதானத்தில் மறுபடி பந்தயம் நடந்தது. முதல் சுற்றிலேயே மோதலில் சிக்கிக் கடைசி இடத்துக்குப் போன செர்ஜியோ பெரெஸ், ஒவ்வொருவராக முந்திவந்து வென்றார். அவர் தலைக்கு மேலும் ஹாலோ இருந்தது.