ஓதற் பிரிவு

தொல்காப்பியர் கணக்கில் கறாரானவர். ஆணும் பெண்ணும் எந்த நிலத்தில் கூடுவார்கள், எந்தப் பொழுதில் ஏங்குவார்கள் என்பதற்கெல்லாம் இலக்கணம் வகுத்த அந்த மனிதர், மனைவியை விட்டுப் பிரிகிற கணவனுக்குத் தவணையும் குறித்து வைத்திருக்கிறார். அரசன் ஏவிய தொழிலுக்காகப் போகிறவன் ஓராண்டுக்குள் திரும்பிவிட வேண்டும். கல்விக்காகப் போகிறவனுக்கு மட்டும் கொஞ்சம் தாராளம். மூன்றாண்டு வரை போகலாம், அதைத் தாண்டக்கூடாது. இந்த விதி கற்பியலில் இருக்கிறது. ஆகவே இது மீசை முளைக்காத பையன் பள்ளிக்கூடம் போவதைப் பற்றிய பேச்சல்ல. மணம் முடித்துக் குடித்தனம் நடத்துகிறவன் ஒரு நாள் சுவடியைத் தேடிக்கொண்டு புறப்பட்டு விடுகிறானே, அவனைப் பற்றியது.

அந்தப் பிரிவுக்கு 'ஓதல்' என்று பெயர். வயிற்றுப் பிழைப்புக்காகக் கற்பதை நாம் ஓதுவது என்று சொல்வதில்லை. வேதம் ஓதுகிறோம், தேவாரம் ஓதுகிறோம். முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் குர்ஆன் ஓதப் போகிறார்கள். சொல்லிலேயே தெய்வ வாசனை அடிக்கிறது.

சங்கப் புலவர்கள் பொருள் தேடிப் போகிறவனை உருகி உருகிப் பாடிய அளவுக்கு ஓதப் போகிறவனைப் பாடவில்லை. இதற்குப் பண்டிதர்கள் என்ன காரணம் சொல்வார்களோ. கதை எழுதுகிறவனுக்கு ஒரு காரணம் தோன்றுகிறது. பொருளுக்குப் போகிறவனோடு தோழி வாதாட முடியும். 'பாலை சுடும், இவள் அழகு வாடும், போன இளமை திரும்புமா, நீ கொண்டு வரும் பொன் அதற்கு ஈடாகுமா?' என்று கேட்க முடியும். அவனும் நடுவழியில் நின்று, 'நெஞ்சே, திரும்பிவிடலாமா?' என்று தடுமாற முடியும். அந்தத் தடுமாற்றம்தான் பாட்டு. கடவுளைத் தேடிப் போகிறேன் என்று ஒருவன் கிளம்பினால் தோழி எந்த வாதத்தை எடுப்பாள்?

போளூரில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். அரிசி மில்லில் கணக்கு எழுதுகிறவர், வயது 42. கிறிஸ்தவர். இளம் வயதில் ஐயராக வேண்டும் என்று இறையியல் கல்லூரியில் சேர்ந்து ஓராண்டு படித்தார். தகப்பனார் திடீரென்று போய்விட, தங்கைகளைக் கரையேற்றும் பொறுப்பு தலையில் விழுந்தது. படிப்பு நின்றது, பிறகு கல்யாணம், ஒரு பெண், ஒரு பையன், முழங்கால் வலியோடு ஒரு தாய். அவர் மனைவி ஜவ்வாது மலையில் ஆசிரியை. விடியற்காலையில் சோறு வடித்துவிட்டு ஜமுனாமரத்தூர் பஸ்ஸைப் பிடித்து, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, மலைவாழ் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்துவிட்டு, இருட்டுகிற சமயத்தில் இறங்கி வருகிறவர். இருபது ஆண்டுகளாக மில் கணக்கு எழுதிக்கொண்டே நண்பர் கிரேக்க இலக்கணத்தை மறக்காமல் வைத்திருக்கிறார். விட்ட படிப்பைத் தொடர வேண்டும், மதுரை அரசரடியில் 1969-இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் சேர வேண்டும் என்பது அவருக்கு வெறும் ஆசை அல்ல. அவர் குரலைக் கேட்டால் தெரியும், அது பசி.

போன கோடையில் சம்பத்கிரி மலை நிழல் விழுகிற அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து இதைப் பேசிக்கொண்டிருந்தோம். உள்ளே இருந்த அவர் மனைவியிடம், ''நீங்கள் என்னம்மா சொல்கிறீர்கள்?'' என்றேன்.

''நான் வாணாம்னு சொல்லலண்ணா'' என்றார் அவர், முறத்தில் இருந்த சாமையைப் புடைத்தபடி. ''எங்கிட்ட அவர் கேக்கல, சொன்னாரு. அவ்ளோதான்.''

நண்பர் சங்கடத்தோடு, ''கர்த்தர் கூப்பிடறாருன்னுதானே சொன்னேன்?'' என்றார்.

''அதான் சொல்றேன். துபாய்க்குப் போறேன்னா, போவாதேன்னு சண்டை போடுவேன். மில் மொதலாளி கூப்பிட்டாருன்னா, அவர் வீட்டம்மாகிட்டப் போயி நியாயம் கேப்பேன். சாமி கூப்பிடுதுன்னா, நான் யார்கிட்டப் போயி கேக்கறது?''

தினமும் போனில் முகம் பார்த்துப் பேசலாமே என்று நண்பர் முனகினார். ''போன்ல மொகத்தப் பாத்தா பொண்ணுக்கு ஜுரம் எறங்கிடுமா?'' என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் எழுந்து போய்விட்டார். முறத்தை வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

இந்த வழக்கு போளூருக்குப் புதிதல்ல, காஞ்சிபுரத்திலேயே நடந்திருக்கிறது. ராமாநுஜர் மணமான பிறகுதான் யாதவப் பிரகாசரிடம் வேதாந்தம் படித்தார் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. அந்த ஆசிரியரோடு முரண்பட்டு விலகியபின், பெரிய நம்பி தம் மனைவியோடு காஞ்சிக்கு வந்து, ராமாநுஜர் வீட்டிலேயே தங்கி, திவ்யப் பிரபந்தம் கற்றுக் கொடுத்தார். வீடே பாடசாலையாகிவிட்டது. மாடியில் பாசுரம் நடக்கும்போது கீழே இரண்டு பெண்கள் ஒரே கிணற்றில் தண்ணீர் சேந்தினார்கள். ஒரு நாள் குருபத்தினியின் குடத்து நீர் ராமாநுஜரின் மனைவி தஞ்சமாம்பாளின் குடத்தில் சிந்த, வார்த்தை தடித்தது. பெரிய நம்பி சொல்லாமல் கொள்ளாமல் மனைவியை அழைத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போய்விட்டார். பாடம் பாதியில் நின்ற வேதனையில் ராமாநுஜர் ஒரு தந்திரம் செய்தார். மாமனார் எழுதியது போல ஒரு கடிதம் தயாரித்து, 'உன் வீட்டில் கல்யாணமாம், நீ முன்னால் போ' என்று மனைவியைப் பிறந்தகத்துக்கு அனுப்பிவிட்டு, அவள் ஊர் எல்லையைத் தாண்டியதும் வரதராஜர் சந்நிதியில் துறவு பூண்டார்.

தஞ்சமாம்பாள் ஆசாரக்காரி, திருக்கச்சி நம்பி சாப்பிட்ட இடத்தைச் சாதி பார்த்துக் கழுவிவிட்டவள், பசித்து வந்தவனுக்குச் சோறில்லை என்றவள். கதை சொல்கிறவர்கள் அவள் குற்றங்களை ஒன்றுவிடாமல் அடுக்கியிருக்கிறார்கள். ராமாநுஜர் உலகத்துக்குச் செய்த உபகாரம் பெரிது; அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் அந்தக் கடிதம் என் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. கல்யாணப் புடவை கட்டிக்கொண்டு பிறந்தகத்து வாசலில் போய் இறங்கியவளிடம், 'இங்கே ஏது கல்யாணம்?' என்று தகப்பன் கேட்டிருப்பான் அல்லவா? அதற்குப் பிறகு அவள் என்ன ஆனாள் என்று கதைக்கு அக்கறை இல்லை. ஆசாரக்காரிக்கு ஒரு நல்ல நியாயம் சொல்லிப் பிரிந்திருக்கலாம். பொய்க் கடிதம் எதற்கு? நேரே கேட்டால் அவள் மறுத்துவிடுவாள் என்பதுதானே பயம்!

ராமாநுஜரின் சீடர் கூரத்தாழ்வான் கூரம் என்ற ஊரில் பெரும் செல்வர். அவரும் எல்லாவற்றையும் துறந்து ஸ்ரீரங்கம் புறப்பட்டார், மனைவி ஆண்டாளோடு. காட்டு வழியில் அவள், 'இங்கே பயம் உண்டா?' என்று கேட்டாளாம். 'மடியில் ஏதாவது வைத்திருக்கிறாயா?' என்றார் அவர். கணவன் அமுது செய்ய ஒரு பொன் வட்டில் மட்டும் எடுத்து வந்திருந்தாள். அதை வாங்கித் தூர எறிந்துவிட்டு, 'இனிப் பயமில்லை' என்றாராம். எல்லோரும் எறிந்தவரைப் புகழ்கிறார்கள். அவர் எதில் சாப்பிடுவார் என்று நினைத்து எடுத்து வந்தவளை நான் நினைத்துக்கொள்கிறேன். எப்படியானாலும் இருவரும் ஒரே வழியில் நடந்தார்கள்.

உ.வே. சாமிநாதையருக்கு 1868-இல் கல்யாணம் ஆனபோது வயது 13. 1871-இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தார். மாயூரத்திலும் பிறகு திருவாவடுதுறை மடத்திலும் 1876-இல் ஆசிரியர் கண் மூடும் வரை அவர் நிழலாக இருந்தார். கும்பகோணம் கல்லூரியில் உத்தியோகம் கிடைத்தது 1880-இல்தான். மகன் படிப்புக்காகத் தாய் தகப்பன்மார் பட்ட பாட்டையும், கடனையும், ஊர் ஊராகக் குடிமாறியதையும் அவர் எழுதும்போது கல்லும் கரையும். 1940 முதல் 1942-இல் காலமாகும் வரை ஆனந்த விகடனில் எழுதி வந்த அந்தச் சரித்திரத்தில் மனைவியைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. அந்தக் காலத்து மரியாதை அப்படி. குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. சீவக சிந்தாமணி நமக்குக் கிடைத்ததில் அந்த அம்மாளின் பங்கு எத்தனை நாள், எத்தனை இரவு என்று எழுத ஒரு கணக்குப்பிள்ளை இல்லாமல் போனானே என்றுதான் வருத்தம்.

இந்தக் கணக்கை ஒளிக்காமல் எழுதியவர்கள் யூதர்கள். அவர்களுடைய சட்ட நூலான மிஷ்னாவில், எந்தத் தொழில் செய்கிறவன் எத்தனை நாளைக்கு ஒரு முறை மனைவியிடம் திரும்ப வேண்டும் என்று பட்டியலே இருக்கிறது. கழுதை ஓட்டுகிறவன் வாரத்துக்கு ஒரு முறை, ஒட்டகம் ஓட்டுகிறவன் முப்பது நாளைக்கு ஒரு முறை, கப்பல்காரன் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. வேதம் படிக்கிற மாணவன் மனைவியின் அனுமதி இல்லாமலே முப்பது நாள் போகலாம். பின்னால் தல்மூதில் இந்தச் சலுகையை நீட்டிப் பார்த்தவர்களின் கதைகளும் வருகின்றன. அகிவா என்ற மகான் 24 ஆண்டுகள் பிரிந்திருந்து படித்துவிட்டுச் சீடர் கூட்டத்தோடு திரும்பி, 'என்னுடையதும் உங்களுடையதும் எல்லாம் இவளுடையவை' என்று மனைவியைக் காட்டினாராம். கேட்க இனிக்கிறது. ஆனால் அதே நூலில் ரவ் ரெகூமியின் கதையும் இருக்கிறது. அவர் மஹோசா என்ற ஊரில் குருவிடம் படித்தவர். ஆண்டுக்கு ஒரு முறை, பாவநிவாரண நோன்புக்கு முந்தின நாள் மட்டும் வீட்டுக்கு வருவார். ஓர் ஆண்டு பாடத்தில் ஆழ்ந்து வர மறந்துவிட்டார். மனைவி, இதோ வருவார், இதோ வருவார் என்று வாசலைப் பார்த்திருந்தாள். வரவில்லை. அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு நீர் விழுந்தது. அந்தக் கணத்தில் அங்கே அவர் உட்கார்ந்திருந்த கூரை இடிந்து, அவர் விழுந்து இறந்தார். அவர் படித்தது சூதாட்டம் அல்ல, கடவுளின் வார்த்தை. அதை எழுதிய வேத பண்டிதர்களே இந்தக் கதையையும் மறைக்காமல் எழுதி வைத்தார்கள் என்பதை நினைத்தால் அவர்கள்மீது மரியாதை பிறக்கிறது.

போளூர் வட்டத்திலேயே திருமலை இருக்கிறது. ராஜேந்திர சோழனின் வெற்றிகளைச் சொல்லும் கல்வெட்டும், குந்தவையின் பெயரால் ஒரு ஜினாலயமும், பாறையில் நேமிநாதரும் உள்ள சமணத் தலம். சமணர்கள் இல்லறத்தானுக்குப் பதினொரு படிகள் வகுத்திருக்கிறார்கள். பிரமசரியம் ஏழாவது படி. தொழிலை விடுவது எட்டாவது, உடைமையை விடுவது ஒன்பதாவது. வீட்டுக் காரியங்களில் யோசனை சொல்வதைக்கூட விட்டுவிடுவது பத்தாவது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குகிற ஏற்பாடு, சுவரேறிக் குதிப்பதல்ல. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே வீட்டார் மூச்சு விட்டுக்கொள்ளலாம். எனக்கு இது பிடித்திருக்கிறது.

நண்பர் போகக்கூடாது என்று நான் சொல்ல வருவதாக வாசகர்கள் நினைத்துவிட வேண்டாம். எல்லாக் கடமையும் தீர்ந்த பிறகு படிக்கலாம் என்றால் அலை ஓய்ந்த பிறகு கடலில் குளிக்கிற கதைதான். பெண் கல்யாணம், பையன் வேலை, பேரன் காதுகுத்து என்று அது ஓயாது. கிரேக்க இலக்கணம் அவரோடு கல்லறைக்குப் போகும். பசியை அடக்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிற மனிதன் வீட்டுக்கும் நல்ல துணை அல்ல. நான் சொல்வது வேறு. அவர் மதுரையில் வாசிக்கப் போகிற ஒவ்வொரு நாளும் ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற ஒருத்தியின் நாள். மற்றக் காரியங்களுக்கு மனைவியின் நாளை எடுத்துக்கொள்கிறவன், நான் எடுத்துக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொள்வான். தெய்வத்தின் பெயரைச் சொல்கிறவனுக்கு மட்டும் தான் ஏதோ கொடுத்துக்கொண்டிருப்பதாக ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. தியாகம் செய்கிறவன் அவன், தடை செய்கிறவள் அவள் என்று கணக்கு தலைகீழாகிவிடுகிறது. தொல்காப்பியர் அந்த மூன்றாண்டை எதற்காக வைத்தாரோ, எனக்குத் தெரிந்த நியாயம் இதுதான்: தவணை உள்ளது கடன், தவணை இல்லாதது வேறு. கடன் வாங்குகிறவன் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

இதையெல்லாம் அப்படியே நண்பரிடம் சொல்லவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் ஒரு சட்டத்தை மட்டும் சொன்னேன். அங்கே குருமார் மணம் செய்வதில்லை. ஆனால் 1967-இல் போப் ஆறாம் பவுல், மணமானவர்களையும் நிரந்தரத் திருத்தொண்டர்களாக ஏற்கலாம் என்று வழி திறந்தார். அவருக்கு 35 வயதாவது ஆகியிருக்க வேண்டும்; மனைவியின் சம்மதமும் வேண்டும். 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு அந்தச் சம்மதத்துக்குச் சான்றும் கேட்கிறது. எத்தனை ஆண்டு படித்திருந்தாலும், கடவுளே நேரில் அழைத்திருந்தாலும், அவள் சம்மதிக்காவிட்டால் பட்டமில்லை.

நண்பர் யோசனையில் ஆழ்ந்துவிட்டார். காபி கொண்டு வந்த அவர் மனைவி நின்று கேட்டார்.

''அந்தச் சம்மதத்த யாருண்ணா வந்து கேப்பாங்க? பிஷப்பா, புருஷனா?''

''ஏன் கேட்கிறீர்கள்?''

''பிஷப் கேட்டா, சரின்னுதான் சொல்லத் தோணும். புருஷன் கேட்டா, எப்பங்க திரும்பி வருவீங்கன்னு நானும் ஒண்ணு கேப்பேன்'' என்று சொல்லி, தம்ளரை நண்பர் கையில் கொடுத்தார்.

நண்பர் காபியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, ''பெரியவ பத்தாவது முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருக்கு இல்ல?'' என்றார்.

''பத்து மாசம்'' என்றார் அந்த அம்மாள்.