மிச்சம் பிடித்த ஐந்நூறு ரூபாய்

2018ஆம் ஆண்டு எமது பாடசாலை அதிபர் ஓய்வு பெற்றபோது, ஆசிரியர்கள் பதினொரு பேர் காசு சேர்த்து அவரைப் பாசிக்குடாவுக்குப் பகல் விருந்துக்கு அழைத்துச் சென்றோம். வாவிக்கரைக் கிராமத்தில் வாழும் எங்களுக்கு மீனும் சோறும் புதியவை அல்ல. ஆனால் யுத்தம் முடிந்த பின் அந்தக் கடற்கரையில் எழுந்த ஹோட்டல்களுக்குள் எங்களில் பலர் அன்றுதான் முதன்முதலாகக் கால் வைத்தோம்.

எங்கள் மேசைக்குச் சாப்பாடு கொண்டுவந்த இளைஞன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "என்ன சேர், மறந்திட்டீங்களா?" என்றான். எப்படி மறப்பேன்? என்னிடம் தமிழ் படித்தவன். வகுப்பில் முதல் வாங்கில் இருந்து, கேள்வி முடிய முன்னர் கையை உயர்த்துபவன். அன்றும் அப்படித்தான்; நாங்கள் கேட்க முன்னரே தண்ணீர் வந்தது.

இறுதியில் பில் வந்தது. அதன் அடியில் 10 வீதம் சேவைக் கட்டணம் சேர்க்கப்பட்டிருந்தது. எங்களுக்குள் தர்க்கம் தொடங்கியது. "அதான் பத்து வீதம் எடுத்திட்டாங்களே, இனி என்னத்துக்குக் குடுக்கிற?" என்றார் கணித ஆசிரியர். "அது முதலாளிட பெட்டிக்குள்ள போற காசு. குடுக்கிறண்டா பொடியன்ட கையில குடுக்கணும்" என்றார் இன்னொருவர். இரண்டாமவரின் பேச்சே எனக்குப் பிடித்திருந்தது. ஒரு 1000 ரூபாய்த் தாளை எடுத்து, எல்லோரும் பார்த்திருக்க, அந்த மாணவனின் சட்டைப் பையில் வைக்கப் போனேன்.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்: "சேர், தாறண்டா அந்தப் பெட்டிக்க போடுங்க. எனக்கிட்டத் தந்தா எனக்கு மட்டுந்தான். உள்ளுக்க உங்கட மத்தப் புள்ளயும் இரிக்கான்."

மற்றப் பிள்ளை யார் என்று கேட்டேன். பெயரைச் சொன்னான். நினைவுக்கு வரச் சற்று நேரம் பிடித்தது. அதே வகுப்பு, வரவு இடாப்பில் இவனுடைய பெயருக்கு அடுத்த பெயர். திக்கித் திக்கிப் பேசுவான். கடைசி வாங்கில் இருப்பான். இப்போது சமையலறைக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிறான்.

காசாளரின் மேசையருகே மரப்பெட்டி இருந்தது. அங்கே போனேன். எடுத்த 1000 ரூபாய்த் தாளைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டு, 500 ரூபாய்த் தாளொன்றைப் போட்டேன். யாரும் பார்க்கவில்லை. யாரும் பார்க்காததால்தான் அப்படிச் செய்தேன்.

மிச்சம் பிடித்த அந்த ஐந்நூறு ரூபாய் என்ன காசு என்ற கேள்வி பல வருடங்களாக என்னை விடவில்லை. அது உழைப்புக்கான காசு என்றால் பெட்டியிலும் விழுந்திருக்க வேண்டும். அன்புக்கான காசு என்றால், உள்ளே இருந்தவனும் என் மாணவன்தானே? அப்படியாயின் அது என்னை நானே கொடையாளியாகப் பார்த்துக்கொள்வதற்கு நான் கொடுக்கவிருந்த விலை என்றுதான் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கையில் கொடுப்பதற்கும் நியாயம் உண்டு. அதைக் குறைத்து மதிப்பிட நான் வரவில்லை. பில்லில் கழிக்கப்படும் காசுக்கு முகமில்லை. அது யாரிடம் போகிறது என்று கொடுத்தவனுக்குத் தெரியாது. யார் தந்தது என்று பெறுபவனுக்கும் தெரியாது. கேட்காமல் எடுப்பதைக் கொடை என்று எப்படி அழைப்பது? இந்தியாவில் இந்த வாதம் நீதிமன்றம் வரை போனது. உணவகங்கள் பில்லில் தாமாகவே சேவைக் கட்டணம் சேர்க்கக் கூடாது என்று அங்குள்ள மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டது. டில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதைச் சரியெனத் தீர்ப்பளித்தது. விரும்பினால் கொடுக்கலாம், கட்டாயம் கூடாது என்பதே அதன் சாரம். வாடிக்கையாளன் பக்கமிருந்து பார்த்தால் இதில் பிழை காண முடியாது.

ஆனால் பாத்திரம் கழுவுபவன் பக்கமிருந்து பார்த்தால்?

கையில் கொடுக்கும் காசு கண்ணுக்குத் தெரிபவனுக்கே போகும். தெரிபவர்களிலும் சிரிப்பவனுக்கு, நிறமாக இருப்பவனுக்கு, நாக்குத் தடுமாறாதவனுக்குக் கூடுதலாகப் போகும். கட்டில் விரிப்புத் துவைப்பவனும், மீன் செதில் எடுப்பவனும், இரவில் மலசலகூடம் கழுவுபவனும் அந்தக் கையின் எல்லைக்குள் வருவதில்லை. அவர்கள் இல்லாமல் அந்த மேசையும் இல்லை.

கையில் கொடுத்தால் மனிதனை மனிதனாகப் பார்க்கிறோம் என்பதும் முழு உண்மையல்ல. அமெரிக்க ரயில்களில் புல்மன் கம்பனியின் படுக்கைப் பெட்டிகளில் வேலை செய்த கறுப்பினத் தொழிலாளர்களின் கதை இதற்குச் சாட்சி. கம்பனி சம்பளத்தைக் குறைத்து வைத்து, மீதியைப் பயணிகள் கையில் கொடுப்பார்கள் என்று விட்டுவிட்டது. பயணிகளும் கொடுத்தார்கள். ஆனால் அந்தத் தொழிலாளியின் பெயர் என்னவாக இருந்தாலும், முதலாளியான ஜோர்ஜ் புல்மனின் பெயரால் "ஜோர்ஜ்" என்றே கூப்பிட்டார்கள். கையோடு கை தொட்டுக் காசு மாறியது. பெயர் மட்டும் மாறவில்லை. அவர்கள் 1925இல் ஏ. பிலிப் ரண்டோல்ப் தலைமையில் சங்கம் அமைத்து, பன்னிரண்டு வருடங்கள் போராடி, 1937இல்தான் கம்பனியோடு ஒப்பந்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டது கூடுதலான சந்தோசக் காசை அல்ல, சம்பளத்தை. அந்த நாட்டின் மத்திய சட்டப்படி, சந்தோசக் காசு பெறும் தொழிலாளிக்கு முதலாளி நேரடியாகக் கொடுக்க வேண்டிய ஆகக்குறைந்த தொகை 1991 முதல் மணிக்கு 2 டொலர் 13 சதமாகவே நிற்கிறது. விருந்தாளியின் தாராளம் முதலாளியின் கஞ்சத்தனத்துக்குக் குடை பிடிக்கிறது.

எங்கள் மேசைக்குச் சாப்பாடு கொண்டுவந்த அந்த மாணவன் இப்போது உல்லாசக் கப்பலொன்றில் வேலை செய்கிறான். 2022இல் நாடு விழுந்தபோது போனவர்களில் அவனும் ஒருவன். கரை தட்டும் நாட்களில் வட்ஸ்அப்பில் பேசுவான். பெரிய கப்பல் கம்பனிகள் பலவற்றில் ஒரு பயணிக்கு ஒரு நாளைக்கு 15 டொலருக்கு மேல் சேவைப் பணமாகக் கணக்கில் தாமாகவே சேர்க்கப்படுகிறது. அறை துப்புரவு செய்பவர், பரிமாறுபவர், பயணிகள் கண்ணில் படாமல் கீழ்த்தளத்தில் வேலை செய்பவர் என்று அது பிரிகிறது. பயணி விரும்பினால் வரவேற்பு மேசைக்குப் போய் அதை நீக்கச் சொல்லலாம்.

"கடைசி நாள் அந்த மேசையில ஒரு வரிசை நிக்கும் சேர்," என்றான் ஒருமுறை. "எங்கட கையால குடுக்கப் போறம் எண்டு சொல்லித்தான் எடுப்பாங்க. சில பேர் குடுப்பாங்க. சில பேர் அடுத்த நாள் காலையில இறங்கிப் போயிருவாங்க."

அந்த வரிசையில் நிற்பவர்களை நான் ஏச முடியாது. நானும் ஒரு மரப்பெட்டியின் முன்னால் அந்த வரிசையில் நின்றவன்தான்.

இது ஹோட்டலுக்கும் கப்பலுக்கும் மட்டும் உரிய விடயமல்ல. எனது சிறுபராயத்தில் எமது பள்ளிவாசல் லெப்பைக்கு ஒழுங்கான சம்பளம் இருக்கவில்லை. கத்தம், கலியாணம், மையித்து வீடு என்று போகுமிடங்களில் கையில் வைப்பதுதான் வருமானம். வசதியான வீட்டில் கூடுதலாக வைப்பார்கள். லெப்பையும் அங்கே கூடுதல் நேரம் இருப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் ஏழு பிள்ளைகள். பின்னர் மஹல்லா நிர்வாகம் வீட்டுக்கு வீடு சந்தா வைத்து மாதச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியபோது, "இனி லெப்பைக்கும் நமக்கும் என்ன உறவு?" என்று சில பெரியவர்கள் கவலைப்பட்டார்கள். உறவு போகவில்லை. ஏழை வீட்டிலும் அவர் ஆறுதலாக இருந்து ஓதியதை நான் கண்டேன். ஆனால் பெரியவர்களிடமிருந்து ஏதோ ஒன்று போனது உண்மை. தங்கள் கைக்காக ஒருவர் காத்திருக்கும் இன்பம்தான் அது.

ஸக்காத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்து வைத்த சம்பவம் ஹதீஸில் வருகிறது. அவர் தன் தாய் தந்தையின் வீட்டில் இருந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். அது பொதுப் பொறுப்பில் இருந்தவர் பற்றியது. வெயிற்றர் வேலைக்கு அதைச் சட்டமாகப் பொருத்திப் பேசும் தகுதி எனக்கில்லை. அது உலமாக்களின் வேலை. ஆனால் அந்தக் கேள்வி ஒரு வெளிச்சம் தருகிறது. பரிமாறுபவனிடம் வரும் காசில் ஒரு பங்காவது அவன் நிற்கும் இடத்துக்கு வருவது. அந்த இடத்தைத் தாங்கி நிற்பவர்கள் உள்ளே இருக்கிறார்கள். மார்க்க நூல் எதையும் திறக்காமலே என் மாணவன் அதைத்தான் சொன்னான்: எனக்குத் தந்தால் எனக்கு மட்டும்தான்.

கணக்கில் கொடுப்பதோடு கடமை முடிந்துவிடும் என்றும் சொல்லமாட்டேன். கணித ஆசிரியரின் நிம்மதி எனக்கு வராது. பில்லில் எழுதிய காசு உரியவரிடம் சேர்கிறதா என்ற சந்தேகம் நியாயமானது. ஐக்கிய இராச்சியத்தில் அந்தச் சந்தேகம் சட்டமாகவே வந்தது. ஊழியருக்கென வரும் பணத்தை முதலாளி பிடித்துக்கொள்ளாமல் முழுமையாகவும் நியாயமாகவும் பகிர வேண்டும் என்ற சட்டம் 2023இல் நிறைவேறி, 2024 ஒக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. பத்து வீதம் என்பது விருந்தாளி வந்தால்தான் பத்து வீதம். 2018இல் இலங்கைக்கு 23 இலட்சத்துக்கும் அதிகமான உல்லாசப் பயணிகள் வந்தார்கள். 2019இல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு, பிறகு கொரோனா. 2021இல் வந்தவர்கள் 2 இலட்சத்துக்கும் குறைவு. பாசிக்குடாவில் வழமையாகவே வாடைக் காலத்தில் அறைகள் வெறுமையாகும். அந்த வருடங்களில் கோடையும் வாடையாகியது. விருந்தாளியின் கையை நம்பினாலும் பில்லை நம்பினாலும், சம்பளம் சிறியதாக இருந்தால் முதலில் பட்டினி கிடப்பவன் தொழிலாளிதான்.

ஆகவே நான் வந்து சேர்ந்த இடம் இது. உழைப்புக்கு உரியது ஹக்கு. அது கொடுப்பவனின் மனநிலையையோ பெறுபவனின் சிரிப்பையோ நம்பி இருக்கக் கூடாது. அது சம்பளத்தில் இருக்கட்டும். குறைந்தபட்சம் கணக்கில் எழுதப்பட்டு, எல்லோருக்கும் பிரியட்டும். பிரிகிறதா என்று கேட்பது சாப்பிட்டவனின் கடமை. அதற்கு மேல் மனம் விரும்பினால் கையிலும் கொடுக்கலாம். ஹக்கைக் கொடுக்காமல் ஸதகா கொடுப்பவன், கடனை அடைக்காமல் கந்தூரி வைப்பவனைப் போன்றவன்.

இதை எழுதும்போது எனது வகுப்பறையும் நினைவுக்கு வருகிறது. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில், எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகக் கவனம் செலுத்த வேண்டும் என்று படித்துப் பரீட்சையும் எழுதியவன் நான். ஆனால் "கெட்டிக்காரன்" என்ற சொல்லை யாருக்குக் கொடுத்தேன்? கையை உயர்த்தியவனுக்கு, சிரித்தவனுக்கு. கடைசி வாங்கில் இருந்தவன் ஒரு வாக்கியத்தை முடிக்கும்வரை நான் எத்தனை முறை பொறுத்திருந்தேன்? அதுவும் சந்தோசக் காசு கொடுத்த கதைதான். ஆசிரியனின் கவனம் சம்பளம்போல எல்லோருக்கும் சேர வேண்டியது. நான் அதை விரும்பியவன் பையில் வைத்தேன்.

சென்ற வருடம் பாசிக்குடாப் பக்கம் போனபோது அந்த ஹோட்டலுக்குப் போனேன். ஒரு தேநீர் குடித்துவிட்டு 1000 ரூபாயைப் பெட்டியில் போட்டேன். 2018இன் ஐந்நூறு ரூபாய்க் கடன் அதில் தீர்ந்ததா என்று தெரியாது. ரூபாயின் பெறுமதியும் இடையில் விழுந்துவிட்டது. பிறகு காசாளரிடம் கேட்டுப் பின்பக்கம் போனேன். அவன் இன்னமும் அங்கேதான் வேலை செய்கிறான். கையில் சவர்க்கார நுரையோடு வெளியே வந்தவன், என்னைக் கண்டதும் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். முதல் எழுத்திலேயே நாக்கு நின்றது.

நான் அவசரப்படவில்லை. அவன் சொல்லி முடிக்கும்வரை நின்றேன்.