சாவியும் தோல்வாரும்

டேவிட் ஹியூம் 1757இல் வெளியிட்ட ரசனை பற்றிய கட்டுரையில், டான் குவிக்ஸோட்டிலிருந்து எடுத்துக்கொண்ட ஒரு கதை வருகிறது. சாங்கோவின் உறவினர்கள் இரண்டு பேரை ஒரு பீப்பாய் ஒயினை ருசி பார்த்துச் சொல்லச் சொல்கிறார்கள். நல்ல ஒயின்தான், லேசாகத் தோல் வாசனை என்கிறார் ஒருவர். இரும்பு ருசி தட்டுகிறது என்கிறார் மற்றவர். கூடியிருந்தவர்கள் சிரிக்கிறார்கள். பீப்பாய் காலியானபோது அடியில், தோல்வாரில் கட்டிய பழைய சாவி ஒன்று கிடக்கிறது.

ரசனைக்கு ஸ்தூலமான ஆதாரம் உண்டு என்று காட்ட ஹியூமுக்கு அந்தச் சாவி போதுமாக இருந்தது. ஆம்பூரில் உட்கார்ந்து படிக்கிறவனுக்குப் போதவில்லை. அந்த இருவரும் இந்த ஊர்க்காரர்களாக இருந்திருந்தால் தோல் வாசனை அவர்கள் மூக்கில் ஏறியே இருக்காது.

என் வங்கிக் கிளைக்கு நகை மதிப்பீட்டாளர் ஒருவர் வருகிறார். உரைகல்லில் ஒரு கோடு, ஒரு சொட்டு அமிலம், பிறகு தராசு. மாங்காய் மாலையா அட்டிகையா என்பது அவருக்கு அனாவசியம். அழகுக்காகப் பதித்த கல்லின் எடையைக் கழித்துவிட்டுத்தான் கடன். என் நண்பர் பாய் ஒரு தோல் தொழிற்சாலையில் தரம் பிரிக்கிறார். வடக்குப் பார்த்த ஜன்னல் வெளிச்சத்தில் தோலை விரித்து உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், உரிக்கும்போது பட்ட கத்தி வெட்டு இவற்றைத் தேடுவார். குறைகளை எண்ணி முடித்தால் தரம் வந்துவிடும். இரண்டும் நாணயமான தொழில்கள். விமர்சனத்தையும் இவற்றில் ஒன்றாகத்தான் நான் வெகுநாள் வரை நினைத்திருந்தேன்.

பாயிடம் அவருடைய தந்தை விட்டுப்போன கேசட்டுகள் இருந்தன. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் விடிய விடிய நடந்த முஷாயிராக்களில் பதிவு செய்தவை. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்ற சவுண்ட் கார்டு ஒன்று வாங்கலாமா என்று கேட்டார். வெளியே வைக்கும் சின்னப் பெட்டிதான், பெயர் மட்டும் இன்னும் கார்டு. விலை 7,000 ரூபாய்ச் சொச்சம். நான் தீர்ப்புச் சொன்னேன். மனிதக் காது விநாடிக்கு 20,000 அதிர்வுக்கு மேல் கேளாது. குறுந்தகடு 44,100 மாதிரிகளோடு நிறுத்திக்கொண்டது அதனால்தான். இந்தப் பெட்டி 1,92,000 எடுக்கிறதாம், பழைய கேசட்டுக்கு எதற்கு? சிங்கப்பூர் கிரியேட்டிவ் கம்பெனி 1989இல் சவுண்ட் பிளாஸ்டரைக் கொண்டுவந்தபோது அதற்கு ஒரு நியாயம் இருந்தது. இப்போது மதர்போர்டிலேயே ஒலி இருக்கிறது. தண்டம்.

கணக்கில் பிழையில்லை. பாய் கேட்டார்: "உங்களுக்கு அந்த முனகல் கேக்கலையா சார்?"

கேட்கவில்லை. மின்சாரத்தின் ஐம்பது சுழற்சி முனகலும் விசிறியின் இரைச்சலும் பெட்டிக்குள்ளிருந்து ஒலியோடு சேர்ந்தே வந்துகொண்டிருந்தன. நாள் முழுக்க அதே சத்தத்தின் நடுவில் உட்காருகிறவனுக்கு அது மௌனம்.

ரிச்சி தெருவுக்குப் போனோம். கடைக்காரர் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டு ஹெட்போனை என் காதில் மாட்டினார். தெருவில் மோட்டார் சைக்கிள்கள், பக்கத்துக் கடையில் ஸ்பீக்கர். எந்தக் கார்டும் எந்தக் கார்டைவிடவும் உசத்தி என்று சொல்ல வழியில்லாத இடம் அது. ஆகவே விலையைப் பேசினோம். பாய் வாங்கிவிட்டார்.

ரமலான் மாதம். திருவல்லிக்கேணியில், 1795இல் கட்டிய வாலாஜா பள்ளிவாசலில் அவர் நோன்பு திறந்தார். அங்கே மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள் பல வருஷங்களாக உணவு கொண்டுவந்து பரிமாறுகிறார்கள். சாயங்கால ரயில் தப்பியது. சென்னைக்கு ராத்திரி வாழ்க்கை என்று ஒன்று கிடையாது என்று பெங்களூர் போய்வந்தவர்கள் சொல்வதுண்டு. 2019இல் கடைகள் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று அரசாணை வந்ததையும் அவர்கள் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். நானும் அந்தத் தராசோடுதான் நடந்தேன். டீ என்ன விலை, அறை வாடகைக்கு என்ன கிடைத்தது, கொசு எத்தனை. பாய் சமோசாக் கடை முன்னால் நின்று யாரோ இரண்டு பேர் உருதுவில் சண்டை போடுவதை, சண்டைக்காக அல்ல, அந்த உச்சரிப்புக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். கார்டுப் பெட்டியை அங்கேயே ஒரு பெஞ்சில் வைத்துவிட்டு மறந்து, கடற்கரை வரை போய்த் திரும்பி வந்து எடுத்தோம். ஏழாயிரம் ரூபாயை மறக்கிறவரைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. மறுநாள் ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கியதும் தோல் நெடி குப்பென்று அடித்தது, வருஷக் கணக்கில் முதல் தடவையாக. வங்கிக்குப் போய்ச் சேர்வதற்குள் அது இல்லாமல் போயிற்று.

பிறகு ஒருநாள் பாய் பழைய பதிவையும் புதிய பதிவையும் போட்டுக் காட்டினார். உருது எனக்குத் தெரியாது. இரண்டாவதில், கவிஞர் ஓர் அடியை முடித்ததற்கும் கூட்டம் 'வாஹ்' என்பதற்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருந்தது. அதில் யாரோ டீக் கோப்பையை சாசரில் வைக்கிறார். முதல் பதிவில் அவர் இல்லை.

செல்லப்பாவின் அலசலா, க.நா.சு.வின் ரசனையா என்று 'எழுத்து' காலத்திலிருந்து நாம் கட்சி கட்டியிருக்கிறோம். இரு தரப்புக்கும் ஹியூமின் கதை தோதாக இருக்கும். ஆனால் இரு தரப்பும் கவனிக்காத ஒன்று அதில் இருக்கிறது. அந்த நிபுணர்கள் நாக்கில் ஒரு துளிதான் வைத்தார்கள். சாவி கிடைத்தது பீப்பாய் காலியானதால். காலி செய்தவர்கள் யாரென்று ஹியூம் சொல்லவில்லை, சிரித்தவர்களாகவே இருக்கலாம். அவர்கள் குடித்துத் தீர்க்காமல் இருந்திருந்தால் அந்த இருவரும் கடைசிவரை கோமாளிகள்தான்.

சென்ற வருஷம் ஒரு கவிதைத் தொகுதியைப் பற்றி நான் எழுதியது இந்த வட்டத்தில் சிலருக்கு ஞாபகமிருக்கும். பன்னிரண்டு கவிதைகளைப் படித்துவிட்டு எழுதினேன். நான் சுட்டிய குறைகள் எல்லாம் இருப்பவைதான். கல்லின் எடையைச் சரியாகக் கழித்திருந்தேன். அந்தக் கவிஞர் பதில் எழுதவில்லை. அதற்குப் பிறகு கவிதையும் எழுதியதாகத் தெரியவில்லை. தொகுதியை மறுபடி எடுத்து வைத்திருக்கிறேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பின், கையில் பென்சில் இல்லாமல் படிக்கிறேன். முப்பத்தோராம் பக்கம் வரை வந்திருக்கிறேன்.