வெகுசனப் பண்பாட்டுப் பாடங்களும் கல்வி அறமும்

முன்னுரை

ஒரு பொருள் பல்கலைக்கழகப் பாடமாகும் தகுதியை எதனால் பெறுகிறது என்னும் வினா பாடத்திட்டக் குழுக்களுக்கு மட்டும் உரியதன்று; கற்பிப்போர் கற்போர்க்குக் கடன்பட்டது யாது என்னும் அறவினாவோடு அது பிணைந்துள்ளது. கொல்கத்தாவிலுள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2018ஆம் ஆண்டு ஹாரி பாட்டர் கதைகளையும் சட்டத்தையும் இணைத்து ஒரு விருப்பப் பாடத்தை அறிவித்தது. இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் 2010ஆம் ஆண்டிலேயே அக்கதைகளைப் பாடமாக்கியிருந்தது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 2024ஆம் ஆண்டு பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் பாடல்கள் ஆங்கிலத் துறையில் பயிற்றுவிக்கப்பட்டன. இவற்றைத் தரவீழ்ச்சி எனச் சிலரும், காலத்தோடு இயைந்த வளர்ச்சி எனச் சிலரும் கருதுவர். இரு சாராரும் பாடப்பொருளை மட்டுமே நோக்கி முடிவு காண்கின்றனர். பொருளின்மேல் எழுப்பப்படும் வினாவும், அவ்வினா மாணவரைக் கொண்டு சேர்க்கும் இடமுமே பாடத்தின் மதிப்பைத் தீர்மானிக்கின்றன என நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தகுதி பற்றிய பழைய வழக்கு

இன்று ஐயத்திற்கு அப்பாற்பட்டதாக விளங்கும் ஆங்கில இலக்கியமே ஒரு காலத்தில் இவ்வழக்கில் எதிர்நிலையில் நின்றது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அதனைத் தனிப் பட்டப்படிப்பாக்கும் முயற்சியை 1887ஆம் ஆண்டு வரலாற்றுப் பேராசிரியர் எட்வர்டு ஃப்ரீமன் எதிர்த்தார். சுவையுணர்வையும் பரிவையும் தேர்வில் அளக்க இயலாது என்பது அவர்தம் வாதம். எனினும் 1894ஆம் ஆண்டில் அப்படிப்பு நிறுவப்பட்டது.

அன்று மறுக்கப்பட்டது பின்னர் ஏற்கப்பட்டமையால், இன்று மறுக்கப்படுவதும் ஏற்கத்தக்கதே என இவ்வரலாற்றைக் காட்டி வாதிடுவோர் உளர். அது பொருந்தா அனுமானம். மறுக்கப்பட்டவை யாவும் தகுதியுடையவை ஆகிவிடா. ஃப்ரீமனின் முடிவு நிலைக்கவில்லை. அவர் எழுப்பிய வினாவோ இன்றும் நிலைத்துள்ளது. ஒருவர் ஒரு பாடலை விரும்புகிறார் என்பதற்கு மதிப்பெண் வழங்க இயலாது. அவ்விருப்பம் எவ்வாறு உருவாக்கப்பட்டது, யாருக்குப் பயன்படுகிறது, எதனை மறைக்கிறது என்பனவற்றைச் சான்றுடன் விளக்குவதற்கே மதிப்பெண் வழங்க இயலும்.

தமிழாய்வு காட்டும் நெறி

தொல்காப்பியச் செய்யுளியல் பாட்டோடும் நூலோடும் பிசியையும் முதுசொல்லையும் ஒருங்கு வைத்து எண்ணுகிறது. ஆயினும் நாட்டார் வழக்காறுகள் தமிழ்த்துறைகளின் வாயிலில் நெடுங்காலம் காத்துநின்றன. நா. வானமாமலை முதலியோரின் தொகுப்புகளும் ஆய்வுகளும் அந்நிலையை மாற்ற உதவின.

திரைப்பட ஆய்வின் வரலாறும் இத்தகையதே. கா. சிவத்தம்பி, சு. தியடோர் பாஸ்கரன் ஆகியோர் 1981ஆம் ஆண்டு வெளியான தத்தம் ஆங்கில நூல்களில் திரைப்படத்திற்கும் அரசியலுக்கும் உள்ள உறவை ஆராய்ந்தனர். எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், எம்.ஜி.ஆர். ஆட்சியில் பெரும்பயன் எய்தாத ஏழை மக்களே அவருக்குப் பேராதரவு நல்கியது ஏன் என வினவினார். அந்நூலை ஆய்வாக்கியது கதாநாயகரின் புகழன்று. விடை காணக் கடினமான அவ்வினாவேயாகும். விடையில் உடன்படாதாரும் அதனோடு வாதிட இயலும். மறுக்கத்தக்க கருத்தை முன்வைத்தல் ஆய்வின் முதல் இலக்கணம் எனலாம்.

கற்பனை உலகும் சட்டவியலும்

கொல்கத்தாப் பாடத்தையும் இந்நெறியால் அளக்கலாம். ஹாரி பாட்டர் கதைகளில் வீட்டேவல் புரியும் ஓர் இனம் அடிமைப்பட்டுள்ளது. அவ்வினத்தாருள் பெரும்பாலோர் விடுதலையை விரும்புவதில்லை. சிரியஸ் பிளாக் என்னும் பாத்திரம் விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்படுகிறது. அடிமையே அடிமைநிலையை விரும்பின் சட்டம் என் செய்ய வேண்டும் என்பது அற்ப வினாவன்று. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976ஆம் ஆண்டு சட்டம் இயற்றிய நாட்டில் அது நேரடிப் பொருளுடையது. கற்பனை உலகிலிருந்து அச்சட்டத்திற்கு மாணவர் வந்து சேர்வாராயின் பாடம் தன் பணியைச் செய்ததாகும். மந்திரக்கோல்களின் வகைகளை நினைவிற்கொண்டு தேர்வெழுதுவதோடு நின்றுவிடுவாராயின் அது கல்வியன்று, பொழுதுபோக்கின் நீட்சியேயாகும்.

அறச்சிக்கல்

மாணவரின் காலமும் கட்டணமும் அளவுக்குட்பட்டவை. சேர்க்கையைப் பெருக்கும் தூண்டிலாக மட்டும் ஒரு பாடத்தை அமைத்தல் அவருடைய விருப்பத்தை அவருக்கே விலைக்கு விற்பதாகும். தாமே நுகரக்கூடியதை நுகர்வதற்கு ஆசிரியர் தேவையில்லை. தாம் நேசிப்பதிலிருந்து சற்று விலகி நின்று அதனை நோக்கும் ஆற்றலையே ஆசிரியர் தர வேண்டும். அவ்விலகல் முதலில் வலி தருவது. அவ்வலியைத் தவிர்க்கும் பாடம் மாணவரை மதிப்பதாகத் தோன்றினும் உண்மையில் அவரைக் குறைத்தே மதிப்பிடுகிறது.

பிறிதொரு சிக்கலும் உண்டு. வெகுசனம் என்னும் சொல் அனைவரையும் உள்ளடக்குவது போல் ஒலிப்பினும், ஆங்கிலவழியில் பயின்றவர்க்கு இளமைத் தோழனான ஹாரி பாட்டர், சிற்றூரிலிருந்து வரும் முதல் தலைமுறை மாணவர்க்கு முற்றிலும் அயலான். பாலம் எனக் கருதப்படுவது அவருக்கு மதிலாகலாம். ஆகவே எந்த மக்களுக்கு அறிமுகமான பண்பாடு என்பதும் பாடம் வகுப்போர் சிந்திக்கவேண்டியதாகும்.

முடிவுரை

சங்கப் பாடல் ஒன்றைத் தாமே பொருள்கொள்ள இயலாத மாணவர், திரைப்பாடல் ஆய்வில் அகத்திணை மரபின் சுவடுகளைக் காண்பது அரிது. அடித்தளப் பாடங்களின் இடத்தை வெகுசனப் பாடங்கள் கவர்ந்துகொள்ளின் அவை தம் வேரையே இழக்கும். அவற்றின்மேல் எழுப்பப்படின் மாணவர் நாள்தோறும் வாழும் உலகை ஆய்வொளிக்குள் கொணரும். எனவே பாடத்திட்டக் குழுக்கள் பாடத்தலைப்பைக் கண்டு நகைப்பதையும் வியப்பதையும் விடுத்து, அதன் வினாத்தாளைக் கேட்டுப் பெறுதல் நன்று. அவ்வினாத்தாளுக்கு ஓர் இரசிகர் ஏதும் கற்காமலேயே விடையெழுத இயலுமாயின் அப்பாடம் தேவையற்றது. இயலாதாயின் அது கற்பிக்கத்தக்கது.