பரிபாஷையும் எழுதுகிறவன் கடமையும்

கற்றவர் சிலருக்கே பழக்கமான பரிபாஷைச் சொற்களைச் சாமானிய வாசகர்களுக்கென எழுதும் கட்டுரையில் கையாளலாமா, அல்லது அவற்றை விலக்கி எவரும் அறிந்த பொதுச் சொற்களை அவற்றின் இடத்தில் அமர்த்துவதே முறையா என்னும் வினா, நடையைப் பற்றிய சிறு விவகாரம்போலத் தோன்றினும், உண்மையில் ஒழுக்கத்தைச் சார்ந்ததே ஆகும். எளிமையை வற்புறுத்துவோரிடத்தில் வாசகர்மீதுள்ள அன்பும் உண்டு. விற்பனை குறையுமோ என்ற அச்சமும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிந்து, எவ்வளவு இணங்குவது, எவ்விடத்தில் மறுப்பது என்று தீர்மானிக்கும் பொறுப்பு எழுதுகிறவனையே சேர்ந்தது.

செஞ்சிக்கு வடக்கே, தேசூரை அடுத்த சீயமங்கலத்தில், ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த சிவாலயம் இருக்கிறது. லளிதாங்குரன் என்னும் விருதுப்பெயர் பூண்ட அவ்வரசன் அதைச் செய்வித்து, அவனிபாஜன பல்லவேசுவரம் எனப் பெயரிட்டதை அங்குள்ள தூணில் கிரந்த எழுத்தில் பொறித்த வடமொழிச் சாசனம் தெரிவிக்கிறது. அக்கோயிலில் அரைத்தூண் ஒன்றின் மேற்பகுதியில், ஆடுகின்ற சிவபெருமானின் சிறிய உருவம் ஒன்று உண்டு; தமிழகத்துக் கற்சிற்பங்களில் இவ்வகையில் மிகப் பழைமையானவற்றுள் அது ஒன்று. அந்த ஆடல் நிலையைப் புஜங்கத்ராசிதம் என்பார்கள் சிற்பமும் நாட்டியமும் கற்றவர்கள்.

இப்பெயர் வாசகரை மிரட்டும், நடராஜர் என்று எழுதினாற் போதாதா என்று கேட்பது இயல்பே. ஆனால் நடராஜர் என்றவுடன் தமிழர் மனத்தில் எழுவது, திருவாசி சூழ, முயலகன்மேல் ஊன்றிய பாதத்தோடு நிற்கும் சோழர் காலத்துச் செப்புத் திருமேனி. சீயமங்கலத்து உருவத்தின் காலடியிலோ முயலகன் இல்லை. எளிய சொல் இங்கே விஷயத்தை எளிதாக்கவில்லை; வேறொரு விஷயத்தை அதன் இடத்தில் வைத்துவிடுகிறது. அதற்கு மாறாக, பரத சாஸ்திரம் கூறும் 108 கரணங்களுள் ஒன்று இது என்றும், பாம்பைக் கண்டு திடுக்கிட்டவன் சட்டென்று காலைத் தூக்குவதுபோன்ற நிலை என்றும் ஒரு வாக்கியம் கூடுதலாக எழுதிவிட்டால், பிற்காலத்து ஆனந்த தாண்டவத்தோடு இதற்குள்ள உறவும் வேறுபாடும் ஒருங்கே விளங்கும். அந்த ஒரு வாக்கியத்தின் பிரயாசையை எழுதுகிறவன் தவிர்த்துக்கொண்டு, அதற்கு வாசகரின் அறியாமையைக் காரணமாகக் காட்டுவது நியாயமன்று.

வாசகரின் சுதந்திரமும் இதில் அடங்கியிருக்கிறது. தூணின் உச்சியில் உத்திரத்தைத் தாங்கும் உறுப்புக்குப் போதிகை என்று பெயர். பல்லவர் காலத்தில் அது வளைந்த முகமும் பெரும்பாலும் அலைபோன்ற தரங்க வரிகளும் உடையது. சோழர் காலத்தில் கோணமாக வெட்டப்பட்டது. விஜயநகர காலத்தில் தொங்கும் பூமொட்டாக வளர்ந்தது. பிற்காலத்தார் கட்டிய மண்டபங்கள் குடைவரையின் முன்னே நிற்கும் சீயமங்கலம் போன்ற தலத்தில், இந்தப் பேதத்தை அறிந்தவர் எவருடைய துணையுமின்றி ஒவ்வொரு பகுதியின் காலத்தையும் உத்தேசமாக ஊகிக்கலாம். தூண்மேல் உள்ள அழகிய வேலைப்பாடு என்று மட்டும் படித்தவரோ அழகை வியந்துவிட்டு, காலத்தைப் பற்றிப் பிறர் சொன்னதை நம்பியே திரும்ப வேண்டும். சொல்லை மறைப்பவன், தான் அறிந்தோ அறியாமலோ, தீர்ப்பளிக்கும் அதிகாரத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறான்.

சாமானியர் நுட்பமான சொற்களைத் தாங்கமாட்டார் என்னும் அபிப்பிராயமே ஆராயத்தக்கது. ஏரிப் பாசனத்தால் வாழும் அந்தப் பிரதேசத்துக் குடியானவருக்கு, பாசன நீரைத் திறந்துவிடும் மதகு வேறு, மிகுந்த வெள்ளத்தை வெளியேற்றும் கலிங்கு வேறு. இரண்டையும் தண்ணீர் போகும் வழி என்று எழுதினால், அவர் எழுதியவனின் அறிவைத்தான் சந்தேகிப்பார். போதிகை என்பதும் பண்டிதர்கள் அறையில் பிறந்ததன்று. கல்லுளி பிடித்த ஸ்தபதிகள் தலைமுறை தலைமுறையாக வழங்கிவந்த சொல்.

எனினும் எதிர்த்தரப்பில் உண்மை இல்லாமற்போகவில்லை. விளக்கமின்றிச் சொற்களை அடுக்கி, வாசகரின் திகைப்பைத் தன் மேதைக்குச் சான்றாகக் கொள்ளும் எழுத்து உண்டு; அதைப் படிக்கத் தொடங்கியவர் பாதியில் விட்டுச்செல்வாராயின் குற்றம் அவருடையதன்று. ஆகவே ஓர் அளவுகோல் வேண்டும்: சொல்லை எடுத்துவிட்டால் பொருளில் ஒரு வேறுபாடு அழியுமா, எழுதுகிறவனின் பெருமிதம் மட்டும் குறையுமா? முன்னதாயின் சொல் நிற்கட்டும்; பின்னதாயின் போகட்டும். அதே மகேந்திரவர்மன், செஞ்சி வட்டாரத்து மண்டகப்பட்டில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றி மும்மூர்த்திகளுக்கு ஆலயம் செய்வித்ததாகச் சாசனம் பொறித்தான். வழக்கமான பொருள்கள் எவையும் இன்றி என்று பொதுவாகச் சொல்லி முடித்திருந்தால், அவன் கைவிட்டவை எவை என்பதை நாம் ஊகிக்கவே நேர்ந்திருக்கும். நான்கையும் தனித்தனியே சொன்னமையால்தான் அவன் செய்த புதுமையின் அளவு விளங்குகிறது.

இருபது சொற்களில் மூன்றைத் தேர்ந்து, அம்மூன்றையும் பொறுமையாக விளக்கி, மற்றவற்றை விட்டுவிடுவது எழுத்தாளனுக்கு இசைந்த சலுகை. ஏனெனில் சொல்லாமல் விடுவது வேறு, திரித்துச் சொல்வது வேறு. சிரமம் எங்கேனும் இருந்தே தீரும் என்றால், அதில் பெரும்பங்கை விஷயம் தெரிந்தவன் சுமக்க வேண்டும் என்பதே தர்மம். அவன் தன் பங்கைச் செலுத்திய பிறகு, ஒரு புதிய சொல்லைக் கற்கும் சிறு பங்கை வாசகரிடம் கேட்பது அவரைச் சமமானவராக மதிப்பதே அன்றி வேறில்லை.